நடுவில் போட்ட நாற்காலி

இதையெல்லாம் நடந்தபடியேதான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. முக்கியமான ஓர் இடத்தில் என் மச்சான் ஒரு வாக்கியம் சொன்னான் என்கிறேன் நான். அவன் வாயே திறக்கவில்லை என்கிறாள் என் மனைவி. அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் இப்போது என்னோடு பேசுவதில்லை, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. என் நினைவு எனக்குச் சாதகமாக இருக்கிறது. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.

நான் பிழை திருத்துபவன். அச்சுக்குப் போகும் முன் புத்தகங்களை வீட்டில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்து, எழுதியவர்கள் விட்டதைப் பிடிப்பது என் வேலை. அதற்குச் சத்தமில்லாத வீடு வேண்டும். மனைவி காலையில் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவாள். அங்கே கண் பரிசோதனை செய்பவள் அவள். அவள் போனபின் சாயங்காலம் வரை நான் யாரோடும் பேசமாட்டேன். பால்காரரிடம் தலையாட்டுவதோடு சரி. அந்த நீண்ட மௌனத்தை ஒரு சொத்துபோல வைத்திருந்தேன்.

அப்போதுதான் அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். அவன் பேஸ் கிடார் வாசிப்பவன். தாளத்துக்கும் பாட்டுக்கும் நடுவே அடியில் நின்று உறுமும் அந்த நான்கு தடிக்கம்பி வாத்தியம். அது போடும் சத்தத்துக்காகவே வீட்டுக்காரர் அவனை வாடகை அறையிலிருந்து வெளியேற்றியிருந்தார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை விற்றுவிட்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றான்.

“ரெண்டே வாரம்ங்க,” என்றாள் மனைவி.

பின்னறையை அவனுக்கு ஒழித்துக்கொடுத்தோம். அது என் புத்தகங்களுக்காக நான் பல வருடம் காத்திருந்த அறை. புத்தகங்கள் நடைவழியில் மூட்டையாகக் கிடந்தன. இரண்டு வாரம் நீண்டு மழைக்காலம் முழுவதும் ஆனது. நடைவழியில் போகும்போதெல்லாம் என் கால் மூட்டைகளில் இடறும். ஒவ்வொரு முறையும் அவன் பெயரைச் சொல்லாமல் அவனைத் திட்டுவேன்.

பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. உல்லாசக் கப்பல் ஒன்றில் வாசிக்கும் இசைக்குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் தேவை. மச்சானை வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். தேறினால் கப்பல், வருடத்தில் முக்கால்வாசி கடல். தேறாவிட்டால் எங்கள் பின்னறை. அவன் தேற வேண்டும் என்று அந்த வீட்டில் அவனைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான்தான்.

பயிற்சிக்கு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். “ஹெட்போன் மாட்டிக்கோயேன்,” என்றேன். ஒரு காதில் ஓயாத இரைச்சல் இருப்பதாகவும், ஹெட்போன் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். மேஜைமேல் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினால் போதும், கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துக்கொள்வேன் என்றான். மனைவி என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனை இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப்போனேன்.

கடையில் விற்பனையாளர் நகத்தைக் கடித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“எதுக்கு?”

“பேஸ் பிராக்டிஸ்,” என்றான் மச்சான்.

“அப்ப பெருசா பாருங்க.”

“இல்ல, சின்னதா காட்டுங்க,” என்றேன் நான். இருப்பதிலேயே சின்ன ஜோடியை நானே எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு கையில் அடங்கியது.

“மாமா, இது மெயில் வந்தா டிங்குன்னு சொல்றதுக்குச் செஞ்சது.”

“நீ வாசிக்கறதும் அப்படித்தானே இருக்கு. டிங், டிங்.”

“அது டிங் இல்ல. டம்.”

“டம்முக்குத்தான் போன வீட்டுல மரியாதை பண்ணி அனுப்பி வெச்சாங்க.”

விற்பனையாளர் சிரித்தார். மச்சான் அவரை முறைத்துவிட்டு, கடையில் மாட்டியிருந்த ஒரு பேஸ் கிடாரை இறக்கி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் செருகி, இருப்பதிலேயே தடித்த கம்பியைத் தட்டினான். தகரத்தை எலி பிறாண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. அடுத்து அவன் கை காட்டிய பெரிய ஜோடியில் அதே கம்பியைத் தட்டியபோது என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கண்ணாடி அலமாரி கிணுகிணுத்தது.

“இது வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்,” என்றேன்.

“மூட்டையைக் கட்டிக்கிட்டே போங்க மாமா,” என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் பயந்தான்.

கடைசியில் நடுத்தர அளவுக்கு வந்தோம். அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் காற்று வெளியேறும் துளை முன்பக்கம், மற்றதில் பின்பக்கம். முன்துளை வைத்ததைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம், பின்துளை வைத்ததைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்றார் விற்பனையாளர். பின்துளை மலிவு. “அது போதும்,” என்றேன். “உங்களுக்கு என்ன தெரியும்னு அது போதும்ங்கறீங்க?” என்றான். “எங்க வீட்டுச் சுவரைத் தெரியும்,” என்றேன். நாங்கள் இப்படி மாறிமாறிப் பேசிக்கொண்டிருக்கும்போது விற்பனையாளர் இன்னும் ஏதோ சொன்னார். ஸ்பீக்கரை எங்கே வைப்பது, கேட்பவர் எங்கே உட்காருவது என்பது பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் உதடு அசைந்தது நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

பின்துளை ஜோடியோடு திரும்பினோம். வழியில் பேச்சில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மச்சானுக்கு ஒரு பிடிவாதம். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தான். அறுந்துபோன பழைய பேஸ் கம்பி ஒன்றை எடுத்து அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டான். மேஜை சுவரோடு ஒட்டி நின்றது, ஸ்பீக்கர்கள் மேஜையின் இரண்டு ஓரத்தில். இதிலிருந்து அதற்கு ஒரு கம்பி, அதிலிருந்து தலைக்கு ஒரு கம்பி, இதிலிருந்து தலைக்கு ஒரு கம்பி. அப்படி அளந்தபோது நாற்காலி அறையின் நட்டநடுவில் வந்து விழுந்தது. நூல் பிடித்து அளந்த மாதிரி சரியான நடு. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா மாமா, அறையே இதுக்குன்னு கட்டின மாதிரி இருக்கு.”

மறுநாள் வாசிக்க ஆரம்பித்தான். அவன் அறைக்கும் என் வேலை அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. பென்சில் தானாக உருண்டு வரிக்குக் குறுக்கே வந்து நின்றது. சன்னல் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் பல்லைக் கடித்தது. சுவரைத் தட்டினேன். எழுந்துபோய்க் கதவையும் தட்டினேன்.

“சத்தத்தைக் குறை.”

“சத்தமே இல்லையே மாமா! எனக்கே கேக்கல!”

“எனக்குத் தண்ணி ஆடுது, உனக்குக் கேக்கலையா?”

“கம்பி தட்டற சத்தம் மட்டும்தான் வருது. அடில ஒண்ணுமே இல்ல. நீங்க எடுத்துக் குடுத்த ஓட்டை ஸ்பீக்கர்.”

என்னைச் சீண்டத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். நான் அவனை வாசிக்கவிடாமல் தடுப்பதாக அவன் நினைத்தான். நான் கதவைத் தட்டினால் அவன் அடிச்சுரத்துக்கான குமிழை இன்னும் திருகினான். அது கடைசிவரை திருகிவிட்ட பிறகு, விரலால் கம்பியை ஓங்கி அறைய ஆரம்பித்தான். சில நாளில் விரல் நுனிகளில் பிளாஸ்திரி தெரிந்தது. அதைச் சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

வேலை முடிந்து வரும் மனைவிக்கு வாசலிலேயே இரண்டு புகார்கள் காத்திருக்கும். இரண்டையும் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள்.

“ஒரே நேரத்துல ஒருத்தருக்கு ஒண்ணும் கேக்கலையாம், ஒருத்தருக்கு வீடே ஆடுதாம். ரெண்டு பேர்ல யாரோ பொய் சொல்றீங்க.”

“அவன்தான்,” என்றேன்.

“அவர்தான்,” என்றான்.

அவளுடைய வேலையில் வருகிறவர்கள் சொல்வதை அவள் நம்பவும் மாட்டாள், நம்பாமலும் இருக்கமாட்டாள். ஒரு வில்லையைப் போட்டு, மாற்றி இன்னொன்றைப் போட்டு, “இதுவா? இதுவா?” என்று கேட்டுக்கொண்டே போவாள். தனக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை என்று அடம்பிடிப்பவர்களும் மூன்றாவது வில்லையில் அடங்கிவிடுவார்களாம். அவளுக்கு விடுமுறை வந்த ஒரு பகலில் எங்களிடமும் அதையே செய்தாள்.

“எழுந்திருங்க ரெண்டு பேரும். நீங்க போய் அவன் நாற்காலில உக்காருங்க. நீ போய் மாமா ரூம்ல அவர் மேஜை பக்கத்துல நில்லு. கதவெல்லாம் திறந்தே இருக்கட்டும்.”

“யாரு வாசிக்கறது?” என்றான்.

“நான்.”

“உனக்கு வாசிக்கத் தெரியாதே அக்கா.”

“கம்பி எங்க இருக்குன்னு தெரியும்ல. போ.”

கிடாரை மடியில் ஏதோ குழந்தையைப் போல சாய்த்து வைத்துக்கொண்டு, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டாள். மறுபடி இழுத்தாள். மறுபடியும்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விரல் கம்பியிலிருந்து நழுவும் சத்தம் வந்தது. கம்பி உலோகத்தில் படும் சத்தமும் வந்தது. அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டியது வரவில்லை. கிணற்றில் கல் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

“கேக்குதா?” என்றாள்.

எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அவன் பொய் சொல்கிறான் என்பதுதான். அதை விடுவதற்கு மனம் வரவில்லை, ஆனாலும் விட்டேன்.

“கேக்கல,” என்றேன்.

சொல்லிவிட்டு, அலுப்பில் உடம்பைப் பின்னால் சாய்த்தேன். தலை ஒரு முழம் பின்னால் போனதும் சத்தம் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தது. முன்னால் குனிந்தேன், மறைந்தது. சாய்ந்தேன், வந்தது. மனைவி வாசிப்பதை நிறுத்தாமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடுவுல ஒரு குழி மாதிரி இருக்கு,” என்றாள். “ரெண்டு சுவரும் திருப்பி அனுப்பறது அந்த இடத்துல ஒண்ணை ஒண்ணு தின்னுடுது போல. அவன் அதுலயே போய் உக்காந்திருக்கான்.”

பிறகு நடைவழியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “தம்பி, அங்க எப்படி?”

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு கதவுகளுக்கு ஊடாக அவனைப் பார்க்க முடிந்தது. என் மேஜையருகே நின்றான். என் டம்ளரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தான்.

“இங்க ஒண்ணும் இல்ல,” என்றான்.

நான் சந்தேகப்படும் வாக்கியம் இதுதான். மனைவி கேட்டதற்கு அவன் பதிலே சொல்லவில்லை, பேசாமல் நடந்து வந்து கிடாரை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான் என்கிறாள் அவள். டம்ளரை மூடியிருந்தான் என்பதை அவளும் மறுக்கவில்லை. “தண்ணி சிந்தக் கூடாதேன்னு மூடியிருப்பான்,” என்கிறாள்.

சொன்னானோ இல்லையோ, அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை. நான் “கேக்கல” என்று சொன்னதை அவனும் மன்னிக்கவில்லை என்று பிறகு புரிந்தது. பொய் சொல்பவனோடு சண்டை போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அந்தச் சுகம் போனது. வெறுப்பு மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது.

“நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடு, மேஜையைச் சுவரை விட்டு முன்னாடி இழு,” என்றாள் மனைவி. “உனக்கும் கேக்கும், குமிழையும் குறைச்சுக்கலாம், அவர் தண்ணியும் ஆடாது. அவ்ளோதான் விஷயம்.”

“முக்கோணம் கெட்டுடும்.”

“கெட்டா என்ன?”

“இது மாமா சொல்லிக்குடுத்ததா?”

“அவர் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி நீ பாத்திருக்கியாடா?” என்றாள். அது எங்கள் இருவருக்குமான அடி.

அவன் நகர்த்தவில்லை. நகர்த்தினால் அத்தனை நாளும் சுவருக்கு அப்பால் நான் கத்தியது நியாயம் என்று ஆகிவிடும். அந்த அறையின் நட்டநடுவில், தனக்கே கேட்காத இடத்தில், வீம்புக்கு உட்கார்ந்து ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தான்.

அதைப் பார்த்து எனக்குப் பதறியது. அவன்மேல் இரக்கம் வந்துவிடவில்லை, கப்பல் போய்விடுமே என்ற பதற்றம். அவன் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே போய் நாற்காலியைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன். திரும்பி வந்தவன் அதைத் தரதரவென்று நடுவுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. மறுநாளும் தள்ளினேன். மறுநாளும் இழுத்தான். நாற்காலியின் நான்கு காலும் நிற்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினான். நான் டேப்பை உரித்து அவன் மேஜைமேல் உருட்டி வைத்தேன். இதெல்லாம் நடந்த நாட்களில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு காலையில், ஈரத்தலையோடு வந்து என் கதவில் சாய்ந்து நின்றான்.

“என் நாற்காலியைத் தொடாதீங்க மாமா.”

“உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“என் நல்லதுக்கா? நான் இங்கேர்ந்து தொலையணும்னு செஞ்சது.”

“ரெண்டும் ஒண்ணுதான்டா.”

அவன் சிரித்தான். எங்களுக்குள் சமாதானம் என்று ஒன்று வந்திருந்தால் அந்தச் சிரிப்பில்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் உடனே, “எனக்கு என் இடம் தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். மறுபடி நாற்காலி இழுபடும் சத்தம்.

குழுவினர் வரச்சொன்ன நாளில் நான்தான் காரில் அழைத்துப்போனேன். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவன் பின்னிருக்கையில் கிடாரோடு உட்கார்ந்துகொண்டான், வாடகைக் காரில் போவது போல. ஒத்திகைக் கூடம் உயரமான கூரையோடு இருந்தது. பியானோ வாசிக்கும் அம்மாள்தான் குழுவுக்குத் தலைவி. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். டிரம்ஸ் வாசிப்பவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு ஆள் உயரத்துக்கு ஆம்ப்ளிஃபயர் நின்றது. மச்சான் கிடாரைச் செருகி, வீட்டில் வைப்பது போலவே அடிச்சுரக் குமிழைக் கடைசிவரை திருகினான். வேண்டாம் என்று கத்தலாமா என்று எனக்குத் தோன்றியது. கத்தினால் அதற்காகவே இன்னும் திருகுவான் என்று பேசாமல் இருந்தேன். அம்மாள் தலையசைத்தார். அவன் முதல் சுரத்தை அறைந்தான்.

கூரையில் விளக்குமூடிகள் அதிர்ந்தன. டிரம்ஸ்காரர் மடியிலிருந்து பிஸ்கட் பொட்டலம் கீழே விழுந்தது.

“கொஞ்சம் குறைங்க தம்பி,” என்றார் அம்மாள்.

குமிழைக் குறைத்தான். கை குறையவில்லை. அத்தனை நாள் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து கையை அப்படிப் பழக்கியிருந்தான். குமிழ் இறங்கியதும் மிச்சமிருந்தது கம்பியில் விழும் அறைதான். கம்பிகள் கிடாரின் கழுத்துப் பட்டையில் மோதிக் கடகடத்தன. அம்மாள் மெதுவான ஒரு பாட்டுக்கு மாறிப் பார்த்தார். மெதுவாக்கப் போய் அவன் தாளத்தைத் தவறவிட்டான். தாளத்தைப் பிடிக்கப் போய் மறுபடி அறைந்தான்.

அம்மாள் பியானோவிலிருந்து கையை எடுத்தார். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார்.

“யார்கூட சண்டை போட்டுட்டு நேரா இங்க வந்தீங்க?”

அவன் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான். டிரம்ஸ்காரரும் திரும்பிப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டேன்.

நல்ல ஞானம் இருக்கிறது, கைதான் பாரம் என்றார் அம்மாள். அடுத்து வாசிக்க வந்தவர் வெளியே காத்திருந்தார். நாங்கள் அவரைத் தாண்டிக்கொண்டு வந்தோம்.

மௌனங்களில் பலவகையை நான் அறிவேன். காரில் இருந்தது அவற்றில் சேராது. பாதி வழியில், “வண்டியை நிறுத்துங்க,” என்றான். நிறுத்தினேன். கிடாரை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். வந்த வழியே திரும்பி நடந்தான்.

சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

“நீங்க உள்ள இருந்து கேட்டீங்களா?”

“ம்.”

“எப்படி வாசிச்சான்?”

“எல்லாம் கேட்டுச்சு,” என்றேன்.

அவன் இரண்டு நாள் கழித்து நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து துணிமணிகளை எடுத்துப்போனான். ஸ்பீக்கர்களை விட்டுவிட்டான்.

இப்போது வேறோர் ஊரில் கார்களுக்குக் கண்ணாடி பொருத்தும் பட்டறையில் வேலை செய்கிறான். வார இறுதியில் ஓர் உணவகத்தில் வாசிக்கிறான், கை இப்போது இளகியிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னானாம். அக்காவோடு வாரம் தவறாமல் பேசுகிறான். நான் போனை எடுத்தால் வைத்துவிடுகிறான். கப்பல் குழு அன்று வெளியே காத்திருந்தவரையே எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போனது. மனைவி சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்து, அதற்கான சரக்கைப் பின்னறையில் அடுக்கியிருக்கிறாள். என் புத்தகங்கள் நடைவழியிலேயே இருக்கின்றன. ஸ்பீக்கர்களில் ஒன்று கெட்டுவிட்டது. மற்றதில் அவள் சரக்கை எண்ணிக்கொண்டே செய்தி கேட்கிறாள்.